அண்ணி எழுதிய பக் ரிப்போர்ட்

எங்கள் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் கேட்கிறவர்களுக்கு மயக்கமே வந்துவிடும். நாத்தனார் என்றால் குறை சொல்ல வேண்டும், அது எனக்குச் சேர வேண்டிய உரிமை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் கப்பலில் சமையல்காரர், வருடத்தில் எட்டு மாதம் கடலில் கிடப்பார். அவர் கட்டிக்கொண்டு வந்தவளோடு குடும்பம் நடத்துவது நான்தான். வயதில் அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள், முறையில் பெரியவள். அதனால் கூப்பிடுவது அண்ணி, பேசுவது நீ, வா, போ.

அண்ணிக்கு எல்லாவற்றிலும் வேகம். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அடுப்படி வேலை முடிந்து பாத்திரம் கவிழ்ந்திருக்கும். சாப்பிடுவது நின்றுகொண்டே. ஈரத் துணியைக் கொடியில் போடும்போதே பாதி மடித்துத்தான் போடுவாள். டீவியில் படம் ஓடினால் கடைசிப் பத்து நிமிடம் உட்கார மாட்டாள். "முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குப் பாத்துக்கிட்டு?" என்று எழுந்து போய் மறுநாளுக்குக் காய் நறுக்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஐந்தாவது மாடி. வார்டுகளிலிருந்து ரத்தக் குழாய்கள் சீட்டோடு வரும். கவுண்டரில் இருப்பவர்கள் சீட்டைப் பார்த்து நோயாளியைக் கம்ப்யூட்டரில் எடுத்து, பிரிண்ட் கொடுத்து, வரும் லேபிளைக் குழாயில் ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். லேபிளில் பெயர் இருக்காது. கறுப்புக் கோடுகளும் எட்டு இலக்க எண்ணும்தான். கவுண்டரில் பதினோரு பேர், அவர்களுக்குப் பொறுப்பாளர் அண்ணி. மூன்று வருடத்துக்கு முன்னால் காலை வரிசையை இரண்டு மணி நேரத்திலிருந்து ஐம்பது நிமிடமாகக் குறைத்ததற்காக அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டினாள். ஆணி வேறு இல்லாததால் அண்ணனின் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் மாட்டினாள். நான் மூன்று வருடமாக அதைக் குத்திக்காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ ஆறிப்போகும் வரை குடிக்கவில்லை.

"என்ன அண்ணி, அண்ணனுக்கு ஏதாவது...?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. செக்கிங் அண்ணனுக்குத்தான்."

செக்கிங் என்பது கவுண்டரில் இருக்கும் ஒருவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர். எதையும் இரண்டு தடவை பார்ப்பார். குழாயைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார், திரும்பக் குழாயைப் பார்ப்பார். ஐம்பத்தைந்து வயது, ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ரகம்.

நடந்தது இதுதான். ஆபரேஷனுக்குப் போன ஒருவருடைய ரத்த வகை ரிப்போர்ட்டில் தப்பாக இருந்திருக்கிறது. மயக்க மருந்து டாக்டர் தன் பழக்கப்படி இன்னொரு முறை சோதித்ததால் ஆள் பிழைத்தார். இல்லையென்றால் அவ்வளவுதான். தோண்டிப் பார்த்ததில், அவருக்கு முன்னால் வந்த நோயாளியின் குழாயில் இவருடைய லேபிள் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் செக்கிங். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தப்பு அவருடையது என்று முடிவானால் வேலை போகும், கூடவே ஒரு கடிதமும் எழுதுவார்கள். அந்தக் கடிதத்தோடு எந்தப் பரிசோதனைக் கூடமும் அவரை வாசலில்கூட நிற்க விடாது.

"அவர் என்ன சொல்றாரு?" என்றேன்.

"லேபிள் கசங்கி வந்துச்சாம். கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி பிரிண்ட் குடுத்தாராம். வந்ததை ஒட்டினாராம். அவ்வளவுதான். மத்தவங்கன்னா கசங்கினதையே நீவி விட்டு ஒட்டிடுவாங்க. இவர் மாட்டாரு. அவர் தப்பா ஒட்ட மாட்டாருடி. மெஷின்தான் தப்பா குடுத்திருக்கு."

"அப்போ அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். தலைமை டாக்டர் சிரிக்கிறாரு. இந்த சாஃப்ட்வேர் நூத்துக்கணக்கான ஆஸ்பத்திரில ஓடுது, உங்க கவுண்டர்ல மட்டும் அதுக்குப் பைத்தியம் பிடிச்சுதாங்கறாரு. செஞ்சவங்களே எழுத்துல சொன்னா பாக்கறேங்கறாரு."

செய்தவர்கள் யார் என்று தேடினோம். அது ஓப்பன் சோர்ஸ் சமாச்சாரம். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், குறை இருந்தால் எல்லோரும் பார்க்கும் ஒரு பக்கத்தில் எழுதலாம், அதற்குப் பெயர் பக் ரிப்போர்ட். அண்ணி உட்கார்ந்து எழுதினாள். எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் சேர்த்தால் முக்கால் ஆள் தேறும். பத்தே நிமிடத்தில் அனுப்பியும் விட்டாள். நான் பிறகுதான் படித்தேன்.

'அவசரம். உங்கள் சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்யவில்லை. லேபிள் தப்பாக வருகிறது. பிரிண்டர் மிகவும் மெதுவாக இருக்கிறது. லேபிளில் ஏன் பெயர் இல்லை? நிறத்தையும் மாற்றுங்கள், கண் வலிக்கிறது. உடனே சரி செய்யவும். ஒரு மனிதரின் வாழ்க்கை.' கீழே, கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே திரையைப் படம் எடுத்துத் தனக்கு மெயிலில் அனுப்பி வைத்திருந்ததை வேறு ஒட்டியிருந்தாள்.

செவ்வாய் மதியம் பதில் வந்தது. எழுதியவருக்குப் பெயர் கிடையாது, ஒரு ஆந்தைப் படம் மட்டும். அதனால் எங்களுக்கு அவர் ஆந்தை. படத்தில் ஏழு நோயாளிகளின் பெயரும் நோயும் தெரிகிறது, உலகமே பார்க்கும் இடம் இது, அதனால் நீக்கிவிட்டேன், இனி அப்படிப் போடாதீர்கள் என்று முதல் வரி. அண்ணியின் முகம் செத்துவிட்டது. இதை ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்திருந்தால் செக்கிங்குக்கு முன்னால் இவள் வீட்டுக்கு வந்திருப்பாள். பிறகு எழுதியிருந்தார்: ஒரு பக்கத்தில் ஒரு குறை மட்டும் எழுதுங்கள், நிறம் வேறு, பிரிண்டர் வேறு, லேபிள் வேறு. எந்தப் பதிப்பு? என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது? நாங்கள் நாலு பேர், எங்கள் வேலை முடிந்து மிச்ச நேரத்தில் இதைப் பார்க்கிறோம், கோபிக்காதீர்கள்.

"பாத்தியா திமிரை? இங்க ஒரு ஆளு தலை போகுது, இது கேள்வி கேக்குது!" என்றாள் அண்ணி.

நானும் முதலில் நாலு வசை விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. என் வேலை என்ன? லிஃப்ட் ரிப்பேர் கம்பெனியில் புகார் எடுப்பது. பதினாலு வருடமாகப் போனில் கத்திக்கொண்டிருக்கிறேன். "லிஃப்ட் ஓடல, உடனே ஆள் அனுப்புங்க" என்பார்கள். எந்த மாடியில் நிற்கிறது, கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறார்களா, ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் கோபம் வரும். மெக்கானிக் போய்ப் பார்த்தால் எவனோ கதவில் குடையைச் செருகி வைத்திருப்பான். ஆந்தை கேட்டது நான் தினமும் கேட்பதுதான்.

"அண்ணி, நீ எழுதினது லிஃப்ட் ஓடலங்கற கேஸ். ஒழுங்கா எழுது."

முறைத்தாள். ஆனாலும் எழுதினாள். பதிப்பு எண்ணைப் போட்டாள். நோயாளியை எடுத்தோம், பிரிண்ட் கொடுத்தோம், லேபிள் கசங்கியது, மறுபடி பிரிண்ட் கொடுத்தோம், வேறு நோயாளியின் எண் வந்தது, இந்த நோயாளியின் எண் வந்திருக்க வேண்டும். சுருக்கமாக, சுத்தமாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்றால் பாருங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆந்தை எழுதியது: நீங்கள் சொன்னபடியே இரண்டு பிரிண்டரில் நாற்பது தடவை செய்து பார்த்தேன், நாற்பது தடவையும் சரியான லேபிள்தான் வந்தது, என்னால் இந்தக் குறையை வரவழைக்க முடியவில்லை, இப்போதைக்கு இதை மூடி வைக்கிறேன், புதிதாக ஏதாவது தெரிந்தால் திறந்துகொள்ளலாம்.

மூடி வைக்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? செக்கிங்தான் தப்பாக ஒட்டினார் என்று அர்த்தம். அண்ணி போனை மேஜையில் குப்புறப் போட்டாள். அதே நிமிடம் அது அடித்தது. செக்கிங்தான். ஆந்தை எழுதியதைச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு குழாயும் பக்கத்து பக்கத்துலதான் இருந்துச்சு. கை மாறியிருக்கும்மா. நாளைக்கு நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். சும்மா எல்லாரையும் எதுக்கு அலைக்கழிச்சுக்கிட்டு?"

"அண்ணா, உங்களுக்கு ஞாபகம் இருக்கா கை மாறினது?"

"ஞாபகம் இல்ல. ஆனா மெஷின் நாப்பது தடவை சரியா குடுத்திருக்கே. அப்போ நான்தானே?"

போனை வைத்த பிறகு அண்ணி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அண்ணன் புயலில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் தகவல் இல்லாதபோதுகூட வீடு முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தாளே தவிர அழவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாது, அதனால் அதட்டினேன்.

"மூக்கைச் சிந்தினது போதும். எந்திரி. அந்தப் பழைய காலண்டரை எடு. மேஜைல உக்காரு. நான்தான் கம்ப்யூட்டர். எனக்கு மூளை கிடையாது. நீ சொல்றதை மட்டும் செய்வேன்."

"அதுக்கு நீ நடிக்கவே வேணாம்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவள் செக்கிங்காக உட்கார்ந்தாள். வழக்கமாக வேலை செய்கிற மாதிரியே செய்ய வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது என்றேன். முதல் நோயாளியை எடு என்றாள். ஒரு காலண்டர் தாளில் ஒன்று என்று எழுதி அவள் முன்னால் வைத்தேன். பிரிண்ட் என்றாள். அந்தப் பிரிண்டர் லேபிளைத் தள்ள நாற்பது விநாடி எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் ஒரு துண்டுத் தாளைக் கிழித்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். ஆறு எண்ணவில்லை, அண்ணியின் வலது கை மேஜையில் நகர்ந்தது.

"அடுத்த ஆளை எடு."

"எடுக்க முடியாது. முதல் ஆள் இன்னும் திறந்திருக்கு."

"அதுல இல்ல. பக்கத்துல."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"பக்கத்து விண்டோ."

"எந்தப் பக்கத்து விண்டோ? என்னை ஒரு விண்டோதான் திறக்கச் சொன்ன."

அண்ணியின் கை அப்படியே நின்றது. நானும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

"காலைல கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் ரெண்டு விண்டோ திறந்துக்குவோம்," என்றாள் மெதுவாக. "ஒண்ணுல பிரிண்ட் ஓடிக்கிட்டிருக்கும்போது இன்னொண்ணுல அடுத்த ஆளை எடுத்து வச்சுக்குவோம். நாப்பது செகண்ட் மிச்சம். அதுலதான் வரிசை குறைஞ்சுது."

"ரெண்டு ரிப்போர்ட்லயும் நீ இதை எழுதலையே?"

"அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணலடி. செருப்பைக் கழட்டிட்டு உள்ள போற மாதிரி அது. அதையெல்லாமா எழுதுவாங்க?"

அடுத்த நோயாளி என்று இன்னொரு தாளில் இரண்டு எழுதிப் பக்கத்தில் வைத்தேன். லேபிள் கசங்கிவிட்டது என்று அவள் முதல் தாளுக்குத் திரும்பி மறுபடி பிரிண்ட் என்றாள். நான் கடைசியாகக் கையில் எடுத்த தாள் இரண்டு. எந்த எண்ணைக் கொடுப்பது? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மூன்று வருடமாக அது யாருக்கும் நடக்காததன் காரணமும் அங்கேயே இருந்தது. மற்றவர்கள் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள். கசங்கினதை நீவி ஒட்டிவிடுவார்கள். திரும்பிப் போகிறவர் ஒருவர்தான்.

"அடி சக்கை! மாட்டிக்கிச்சு அண்ணி! இதை எழுது உடனே!" என்று நான் குதித்தேன். அவள் குதிக்கவில்லை.

"கவுண்டர் சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. ஒரு நேரத்தில் ஒரு விண்டோ மட்டும்னு. ஆஸ்பத்திரி ரூல்," என்றாள். "ரெண்டு விண்டோவை ஆரம்பிச்சது நான். பத்து பேரும் ஒரே வாரத்துல கத்துக்கிட்டாங்க. செக்கிங் அண்ணன் மட்டும் மாட்டேன்னாரு. ரூல்ல இல்லம்மான்னாரு. நான்தான் எல்லார் முன்னாடியும், உங்களாலதான் வரிசை நிக்குதுண்ணான்னு சொல்லிச் சொல்லி..."

ஹாலில் இருந்த சான்றிதழை நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் கண் அங்கேதான் போனது.

இங்கேதான் நான் ஒன்று சொன்னேன். சொன்னதை மறைக்கப் போவதில்லை. "ரெண்டு விண்டோ திறந்திருந்துச்சுன்னு மட்டும் எழுது. யார் ஆரம்பிச்சாங்கன்னு ஆந்தை கேக்கலையே. கேக்காததுக்கு எதுக்குப் பதில்? வலியப் போய் மாட்டிக்காத." அண்ணி காலண்டர் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கே போய்விட்டாள். ஆட்கள் வருவதற்குள், பயிற்சிக்கென்று பொய் நோயாளிகளை வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க வேண்டும் என்று திட்டம். பரிசோதனைக் கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதனால் பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது என் பொறுப்பு. என் ஆபீஸ் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். எட்டு மணிக்கு வாசலுக்கு வந்து எனக்குப் போன் செய்தாள்.

"அஞ்சு தடவை பண்ணேன். அஞ்சு தடவையும் தப்பு லேபிள். ஸ்கிரீன்ல முதல் ஆளு, லேபிள்ல ரெண்டாவது ஆளோட நம்பர். எல்லாப் படியையும் எழுதி அனுப்பிட்டேன். இன்னொரு பக்கமும் போட்டிருக்கேன். பதில் வந்தா ரெண்டையும் பிரிண்ட் எடுத்துட்டு ஓடி வா. விசாரணைக் குழு பேப்பரைத்தான் நம்பும். ரெண்டையும், கேட்டுதா?"

இன்னொரு பக்கம் என்னவென்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். நான் திறந்து பார்த்தேன்.

அது குறை சொல்லும் பக்கம் இல்லை. புது வசதி கேட்கும் பக்கம். பிரிண்ட் ஓடும்போதே அடுத்த நோயாளியை எடுத்து வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும், லேபிளில் பெயரின் முதல் மூன்று எழுத்து வேண்டும் என்று கேட்டிருந்தாள். கீழே அந்தத் தளத்தின் வழக்கமான கேள்வி ஒன்று இருந்தது: இந்த வசதி ஏன் தேவை, இப்போது இதற்கு என்ன செய்கிறீர்கள்? அதற்கு அண்ணியின் பதில்: 'பிரிண்டர் நாற்பது விநாடி எடுக்கிறது, வரிசை நீளம். அதனால் இரண்டு விண்டோ திறந்து வேலை செய்கிறோம். எங்கள் ஆஸ்பத்திரி விதிப்படி அது கூடாது. அதை ஆரம்பித்தவள் நான், கவுண்டரின் பொறுப்பாளர். பதினோரு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் ஒரு வருடம் மறுத்தார். அவரையும் நான் மாற்றினேன்.'

வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கேட்காத வாயில் போய்ச் சோற்றை ஊட்டுகிறாளே பாவி! அண்ணன் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது?

ஒன்பது மணி. பதில் இல்லை. ஒன்பதரை. இல்லை. ஆந்தை இருக்கும் ஊரில் இப்போது பகலா ராத்திரியா என்றுகூடத் தெரியாது. நடுவில் புகார் போன்கள் வேறு. "லிஃப்ட் ஓடல, ஆள் அனுப்புங்க." எந்தக் கட்டிடம் என்று கேட்டால் அந்த ஆஸ்பத்திரியேதான். எந்த மாடியில் நிற்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாதுங்க, ஓடல" என்றான். நாற்காலியைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. பத்தேகால். பத்தரை. பத்து நாற்பதுக்குத் திரையில் பதில் வந்தது.

'உறுதியாகிவிட்டது. எங்களிடமும் இப்போது வருகிறது. இரண்டாவது விண்டோவில் அடுத்த நோயாளியை எடுத்ததும் முதல் விண்டோவின் நோயாளியை எங்கள் சாஃப்ட்வேர் மறந்துவிடுகிறது. இது எங்கள் தவறு, உங்கள் கவுண்டரில் இருந்தவருடையது அல்ல. இரண்டு விண்டோ என்ற அந்தப் படியை எழுதியதற்கு மிக்க நன்றி. அது இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கவே மாட்டோம்.'

இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்தேன். முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டேன். இரண்டாவதை நாலாக மடித்துக் கைப்பையின் அடியில், டிபன் டப்பாவுக்குக் கீழே திணித்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். செக்கிங்கைக் காப்பாற்ற ஒரு தாள் போதாதா?

ஐந்து மாடி ஏற வேண்டும், லிஃப்ட் ஓடவில்லை, அதுவும் எங்கள் கம்பெனி லிஃப்ட். மூன்றாவது மாடியில் மூச்சு முட்டியது. மேலே போனபோது பதினொன்று ஐந்து. விசாரணை அறை வாசலில் நின்றிருந்த அண்ணி கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு முழுக்க மூடவில்லை. நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். இந்தப் பக்கம் செக்கிங், தேய்த்த சட்டை, கையில் பேனா, முன்னால் அவரே எழுதிய தாள். எழுதியதை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார் போல. அதனால்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஆளின் மெதுவான சுபாவத்துக்கு அன்றைக்கு நான் கும்பிடு போட்டேன்.

தலைமை டாக்டர் தாளைப் படித்தார். நிதானமாகத்தான் படித்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

"சாஃப்ட்வேர்ல தப்பு இருக்குன்னு ஒத்துக்கறாங்க. சரி. ஆனா ரெண்டு விண்டோ திறந்தாத்தான் அது வருது. ஒண்ணுக்கு மேல திறக்கக் கூடாதுன்னு நம்ம ரூல் இருக்கா இல்லையா? அப்போ ரூலை மீறினது இவர்தானே?" செக்கிங் பக்கம் திரும்பினார். "இப்படிச் செய்ய உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

செக்கிங் அண்ணியைப் பார்க்கவே இல்லை. பேனா மூடியைத் திறந்தார்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் கத்துக்கிட்டேன்."

அண்ணி விறுவிறுவென்று வெளியே வந்து என் முன்னால் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு குடு."

"எது?"

"விளையாடாத. குடு."

"அண்ணி, வேணாம். அவரே சொல்லிட்டாரில்ல..."

"அதனாலதான் கேக்கறேன்."

டிபன் டப்பாவை எடுத்து, அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பைப் பிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தாளை மேஜையில் வைக்கவில்லை, நின்றபடி உரக்கப் படித்தாள். அதை ஆரம்பித்தவள் நான். பதினோரு பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் ஒரு வருடம் மறுத்தார். அவரையும் நான் மாற்றினேன். அவசரமே இல்லாமல் படித்தாள். முடித்த பிறகு செக்கிங்கின் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி அவர் சட்டைப் பையில் செருகினாள்.

ஒரு மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். செக்கிங் மேல் நடவடிக்கை இல்லை என்று முடிவானது. கடிதமும் கிடையாது. அண்ணிக்குக் கவுண்டர் பொறுப்பு போனது. ஆறு மாதம் கீழ்த்தளத்தில், காலிக் குழாய்களையும் ஊசிகளையும் எண்ணி வைக்கும் அறையில் வேலை. சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அதை அவளே கழற்றித் துடைத்து எடுத்துப் போனாள். அந்த ஆணியில் நான் அண்ணனின் படத்தை மாட்டினேன். நியாயமாக ஒரு கிண்டல் அடித்திருக்க வேண்டும், வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துப் புதுப் பதிப்பு வந்தது. இப்போது இரண்டு விண்டோ திறந்தாலும் லேபிள் மாறுவதில்லை. லேபிளில் மூன்று எழுத்து வருகிறது. அடுத்தவரை எடுத்து வைக்கும் பொத்தானும் வந்துவிட்டது. அதை அமுக்கிப் பார்க்கத்தான் அண்ணி அங்கே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செக்கிங் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து அண்ணியின் அந்த இரண்டாவது பக்கத்தைத் திறந்தார். யாரையோ பிடித்து வரி வரியாக அர்த்தம் கேட்டிருக்கிறார்.

"அம்மா, இதுல ஒருத்தர் ஒரு வருஷம் மறுத்தார்னு போட்டிருக்கே, அது நானா?"

"ஆமாண்ணா." அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். "மன்னிச்சுக்கோங்கண்ணா."

"அதுக்கு இல்லம்மா." சற்று யோசித்தார். "ஒரு வருஷம் இல்ல. பதினாலு மாசம்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கத்தின் கீழே எழுதினாள்: 'திருத்தம். ஒரு வருடம் அல்ல, பதினான்கு மாதம்.' அனுப்பப் போனவளைச் செக்கிங் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. ஒரு தடவை குடு, பாத்துடறேன்."

வாங்கி ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவது தடவை படிக்கத் தொடங்கினார். அடுப்பில் டீ பொங்கும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்திருக்கவில்லை. அவர் படித்து முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.